வீட்டுப் பெண் மாதிரி

'எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் அவளை வைத்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்கிற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நல்ல எண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் பாரத்தையெல்லாம் 'மாதிரி' என்கிற ஒரே ஒரு சொல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பெற்ற பெண்ணைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் இந்த 'மாதிரி'க்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 'ஓ பேர்' என்பது பிரெஞ்சுத் தொடர். சரிசமமாக என்று பொருள். வேற்று நாட்டிலிருந்து வரும் இளம் பெண் ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். வீட்டு வேலையிலும் கொஞ்சம் கைகொடுப்பாள். அவர்கள் அவளுக்குச் சாப்பாடும் இடமும் கைச்செலவுக்குப் பணமும் தருவார்கள். அந்த ஊர்ப் பாஷையை அவள் கற்றுக்கொள்ளலாம். 1969ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பியக் கவுன்ஸில் இதற்காக ஓர் ஒப்பந்தமே செய்தது. பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, கூடுமானவரை தனி அறை என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. இப்படி வருகிறவள் மாணவி என்ற வகையிலும் சேரமாட்டாள், தொழிலாளி என்ற வகையிலும் சேரமாட்டாள், இரண்டின் அம்சமும் அவளிடம் உண்டு என்று அதன் முகவுரை சொல்கிறது. அமெரிக்காவில் 1986ல் இதே ஏற்பாடு தொடங்கியபோது அதைக் கலாசாரப் பரிவர்த்தனை என்ற தலைப்பில் சேர்த்தார்கள். பரிவர்த்தனை என்று பெயர் வைத்தாலும், வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி வரை போகலாம்.

சட்டம் வகுப்பவர்களுக்குச் சங்கடம் தருகிற இடம் நாவலாசிரியர்களுக்கு நல்ல விளைநிலம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆனால் குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டியவள் அவள். குடும்ப ரகசியங்களெல்லாம் அவளுக்குத் தெரியும். அவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை கிடையாது. அவள் உறவா, ஊழியமா? இந்தக் கேள்வியைப் பல படைப்புகள் தொட்டிருக்கின்றன. மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஷார்லட் பிராண்டியின் 'வில்லெட்' (1853), உஸ்மான் செம்பேனின் சிறுகதையும் அதிலிருந்து அவரே எடுத்த படமும் (1962, 1966), ஜமைக்கா கின்கெய்டின் 'லூஸி' (1990). மூன்றிலும் 'லூஸி'தான் உயர்ந்தது என்பது என் கட்சி. அதற்கு நான் சொல்லப்போகும் காரணம் கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். அதில் வருகிற எஜமானி நல்லவள்.

ஷார்லட் பிராண்டிக்கு இந்த வாழ்க்கை கேள்வி ஞானம் அல்ல. 1842ல் தங்கை எமிலியோடு பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போனாள். ஆறு மாதம் கழிந்த பிறகும் அங்கேயே தங்க, பள்ளிக்கூடத் தலைவி ஒரு வழி சொன்னாள். ஷார்லட் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டியது, எமிலி சங்கீதம் சொல்லிக்கொடுக்க வேண்டியது; அதற்கு ஈடாகச் சாப்பாடும் படிப்பும் இலவசம். சம்பளம் இல்லை. ஓ பேர் ஏற்பாட்டின் சாரம் இதில் அப்படியே இருக்கிறது. மறு வருஷம் ஷார்லட் மட்டும் திரும்பிப் போய், ஆண்டுக்கு 16 பவுன் சம்பளத்தில் உபாத்தியாயினியாக வேலை பார்த்தாள்.

'வில்லெட்' நாவலின் கதாநாயகி லூஸி ஸ்னோ, நாதியற்றவளாக அந்நிய நாட்டுக்குப் போய், மதாம் பெக் என்பவளின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்கிறாள். முதல் இரவே மதாம் பெக் ஓசைப்படாமல் வந்து, அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, துணிமணிகளையும் பணப்பையையும் சோதிக்கிறாள். சாவிகளை மெழுகில் அச்செடுத்துக்கொள்கிறாள். லூஸி தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அற்புதமான கட்டம். இதில் ஆத்திரம் இல்லை. எதிராளியின் திறமையை மெச்சுகிற ஒரு குறும்புகூட இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அன்பு என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லாததால் குழப்பமும் இல்லை. ஆனால் லூஸி ஸ்னோ சீக்கிரமே ஆங்கில ஆசிரியையாக உயர்ந்துவிடுகிறாள். கதை பள்ளிக்கூடத்துக்கும் காதலுக்கும் போய்விடுகிறது. குழந்தைகளின் அறை பின்னால் தங்கிவிடுகிறது.

செம்பேன் அந்த அறையை விட்டு நகரவே இல்லை. ஸெனகல் நாட்டவரான அவர், எழுத்தாளராவதற்கு முன் மார்ஸேல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கதையில் டியுவானா என்ற பெண் டாக்கரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். குடும்பம் அவளைப் பிரான்ஸுக்கு, ஆன்டீப் நகரத்துக்கு, அழைத்துப் போகிறது. அங்கே போனதும் அவளே சமையற்காரி, அவளே வண்ணாத்தி, அவளே பெருக்குகிறவள். கடலோர நகரத்தின் அழகெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. தாயிடமிருந்து வந்த கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவது எஜமானன். பதிலையும் அவனே எழுதத் தொடங்குகிறான். தன் அந்தரங்கம்கூடத் தன் கையில் இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிகிறது. குளியல் தொட்டியில் கழுத்தை அறுத்துக்கொண்டு சாகிறாள்.

படம் ஒரு மணி நேரந்தான் ஓடும். அதன் கோபம் நியாயமான கோபம். அவள் பரிசாகக் கொடுத்த ஆப்பிரிக்க முகமூடி, பிரெஞ்சுக்காரர் வீட்டு வெள்ளைச் சுவரில் தொங்குகிறதே, அதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு குறை. படம் முடிந்து எழுந்திருக்கும்போது, 'நல்ல வேளை, நான் அந்த எஜமானியைப் போல் இல்லை' என்று சொல்லிக்கொள்ள நமக்கு வசதி இருக்கிறது. கொடுமையைக் காட்டும் கலை, கொடுமை செய்யாதவர்களைத் தப்பவிட்டுவிடுகிறது.

'லூஸி' நம்மைத் தப்பவிடுவதில்லை. கின்கெய்ட் 1949ல் மேற்கிந்தியத் தீவான ஆன்டிகுவாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே, 1960களில், நியூயார்க்குக்கு அருகே ஒரு குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர். அந்த அனுபவத்தின் சாயல் நாவலில் இருக்கிறது. பத்தொன்பது வயது லூஸி ஒரு ஜனவரி மாதத்தில் வந்து இறங்குகிறாள். மறுநாள் காலை வெயில் அடிப்பதைப் பார்த்து மெல்லிய உடுப்போடு வெளியே போய்விடுகிறாள். வெயில் இருந்தும் குளிரும் என்பதை அவள் அறிந்தவள் அல்ல. முதல் சில பக்கங்களிலேயே, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், ஆசிரியை ஒரு நாட்டை இன்னொரு நாட்டிலிருந்து பிரித்துக் காட்டிவிடுகிறார்.

வீட்டுக்காரர்கள் லூயிஸும் மரையாவும். நான்கு பெண் குழந்தைகள். எல்லோரும் அழகானவர்கள், படித்தவர்கள், அன்பானவர்கள். லூஸியை அதட்டுவதில்லை, மாலையில் படிக்க அனுப்புகிறார்கள். அவள் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்துச் செல்லமாக 'விருந்தாளி' என்று பெயர் வைக்கிறார்கள். ஆனால் விருந்தாளிக்குக் கொடுத்திருப்பது சமையலறையை ஒட்டிய வேலைக்காரி அறை. கடல் தாண்டி அனுப்பும் சரக்குப் பெட்டி போல அது அவளுக்குத் தோன்றுகிறது.

மரையா கெட்டவள் என்று காட்ட ஆசிரியை ஓர் இடத்திலாவது முயன்றிருந்தால் நாவல் சாதாரணமாகிப் போயிருக்கும். மரையா தனக்குப் பிடித்ததையெல்லாம் லூஸிக்கும் கொடுக்கத் துடிக்கிறாள். வசந்த காலத்து டாஃபடில் பூக்களைக் காட்டுவதற்காக அவள் கண்ணைக் கட்டி அழைத்துப் போகிறாள். லூஸி பத்து வயதில், அந்தப் பூவைக் கண்ணால் கண்டிராத தீவில், அதைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை நெட்டுருப்போட்டுச் சபையில் ஒப்பித்தவள். ஒரு சாம்ராஜ்யம் தன் பூவைப் பிற தேசத்துக் குழந்தையின் தொண்டைக்குள் திணித்த கதை அது. மரையா ரசிக்கச் சொல்கிறாள்; லூஸிக்கு எல்லாவற்றையும் அரிவாளால் அறுத்துத் தள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. யார்மேல் குற்றம்? மரையா பூவைத்தான் காட்டினாள். ரயிலில் போகும்போது, சாப்பிடுகிறவர்கள் மரையாவின் சுற்றத்தார் போலவும் பரிமாறுகிறவர்கள் தன் சுற்றத்தார் போலவும் இருப்பதை லூஸி கவனிக்கிறாள். மரையா கவனிக்கவில்லை. அவள் கவனிக்கவேண்டிய அவசியம் ஒருபோதும் நேர்ந்ததில்லை.

இந்தப் பெண்ணை நன்றி கெட்டவள் என்று சொல்ல நம்மில் பலருக்கு நாக்குத் துடிக்கும். நாம் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். குறளில் செய்ந்நன்றிக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. செஞ்சோற்றுக் கடனுக்காக அநியாயத்தின் பக்கம் நின்று உயிரை விட்ட கர்ணனை நினைத்து இன்றும் கண்ணீர் விடுகிறோம். ஆனால் கர்ணனுக்குத் துரியோதனன் கொடுத்தது ஒரு நாடு. கொடுத்த அன்றே அவனை அரசர்களுக்குச் சமமாக்கினான். லூஸி சாப்பிடும் சோறு அவள் உழைத்த சோறு. நாலு குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய், திரும்ப அழைத்து வந்து, சாப்பாடு போட்ட கூலி. அதற்கு மேலே, தினமும் கொஞ்சம் அன்பையும் நன்றியையும் கணக்கில் எழுதாமல் எதிர்பார்க்கும் ஏற்பாட்டைத்தான் அவள் மறுக்கிறாள். கூலி கொடுத்தவனுக்கு வேலை கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அன்பு கொடுத்தவளுக்கு எதைக் கொடுத்துத் தீர்ப்பது?

நாவலின் உச்சம் என்று நான் கருதுவது கூச்சலில்லாத ஒரு சின்னப் பகுதி. லூயிஸுக்கும் மரையாவின் உயிர்த் தோழிக்கும் தொடர்பு ஏற்பட்டு, குடும்பம் சிதறுகிறது. லூஸிக்கு ஊரிலிருந்து தந்தை இறந்த செய்தி வருகிறது. அதன்பின் அவள் வேலையை விட்டுப் போவதாகச் சொல்கிறாள். அதுவரை தோழி போல, தாய் போல இருந்த மரையா அன்றே மாறிப் போகிறாள். கடுமையாகப் பேசுகிறாள். புதிது புதிதாக விதிகள் போடுகிறாள். எஜமானி வேஷம் அவளுக்குப் பொருந்தவே இல்லை என்று லூஸி பரிதாபத்தோடு பார்க்கிறாள். சமம் என்று சொல்லி வந்ததெல்லாம், சமமானவள் எழுந்து போகத் தீர்மானிக்கும் வரையில்தான். கெட்ட எஜமானியிடம் இது நமக்கு ஆச்சரியத்தைத் தராது. இத்தனை பக்கம் நாம் நேசித்துவிட்ட மரையாவிடம் காணும்போது நம் நெஞ்சிலும் சுருக்கென்கிறது.

பிராண்டியின் கதாநாயகிக்கும் இவளுக்கும் ஒரே பெயராக அமைந்திருப்பது கவனிக்கத் தக்கது. தன் பெயர் பிடிக்காமல், எமிலி, ஷார்லட், ஜேன் என்று ஆசிரியைகளின் பெயர்களைத் தனக்கு மனசுக்குள் சூட்டிப் பார்த்துக்கொள்பவள் இந்த லூஸி. தாயைக் கேட்டால், சாத்தானின் பெயரைத்தான் உனக்கு வைத்தேன் என்று பதில் வருகிறது. அந்தத் தாயும் நாவலில் முக்கியம். ஊரிலிருந்து அவள் எழுதும் கடிதங்களை லூஸி பிரிக்காமலே குவித்து வைக்கிறாள். டியுவானாவுக்குப் பிறர் வாசித்த கடிதம். லூஸிக்குத் தானே வாசிக்க மறுத்த கடிதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாவலாசிரியை எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரியும். மரையாவின் அன்பை லூஸி ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் நிறமும் சாம்ராஜ்யமும் மட்டும் அல்ல. தாயன்பு என்பது ஆளுகையின் மறுபெயர் என்று அவள் பிறந்த வீட்டிலேயே கற்றிருக்கிறாள். 'வீட்டுப் பெண்' என்பதே அவளுக்கு அச்சம் தருகிற பதவி.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. பிற்பகுதியில் லூஸியின் ஆண் நண்பர்கள் வருகிறார்கள், போகிறார்கள். யாரும் மனசில் நிற்பதில்லை. மரையாவின் வீட்டை விட்டு வெளியேறியதும் கதையின் முறுக்குத் தளர்ந்துவிடுகிறது. ஐந்து அத்தியாயங்களும் முதலில் பத்திரிகையில் தனித்தனியே வந்தவை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் ஈடு செய்துவிடுகிறது. தனி அறை, தனிச் சம்பாத்தியம், கேட்பார் இல்லாத வாழ்வு என்று லூஸி விரும்பியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. மரையா கொடுத்த தோலட்டை நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் முழுப் பெயரையும் எழுதுகிறாள். அதன் கீழே, ஒருவரை உயிரை விடுமளவுக்கு நேசிக்க முடிந்தால் தேவலை என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதி, வெட்கம் தாளாமல் அழுகிறாள். கண்ணீர் பட்டு எழுத்துக் கலைகிறது. நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தவர்கள் இங்கே வந்து நிற்க வேண்டியதுதான். சமமில்லாத இடத்தில் வந்த அன்பை மறுத்ததற்கு அவள் கொடுத்த விலை அது. விலை அதிகமென்று அவளுக்குத் தெரியும். மறுத்தது தவறென்று அவள் சொல்லவில்லை, ஆசிரியையும் சொல்லவில்லை.

நம் கதைகளில் வீட்டோடு இருக்கும் வேலைக்காரி பெரும்பாலும் விசுவாசத்தின் வடிவமாக வந்து, குழந்தைக்காகத் தியாகம் செய்துவிட்டுப் போகிறாள். படிக்கிற நாமும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு நல்லவர்களாகிவிடுகிறோம். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கும் என்று யோசிக்கும் துணிச்சல் உள்ளவர்கள் 'லூஸி'யைப் படிக்க வேண்டும். சிறிய புத்தகந்தான்; இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.