சீவாளி தொலைந்த குழல்

அமெரிக்க நாட்டின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் 1995ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, நாலரை அடி நீளமுள்ள ஒரு மண்டையோட்டை, அம்மாநிலத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரும் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தாரும் ஒன்றுசேர்ந்து, நோயாளியைக் கிடத்திப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் பொறிக்குள் செலுத்தி, மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 350 குறுக்குவெட்டுப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் அடுக்கி, உள்ளே வளைந்தோடும் காற்றுப் பாதையின் உருவத்தை மீட்டு, அதன் வழியே மூச்சு பாய்ந்தால் எத்தகைய நாதம் பிறக்கும் என்று கணக்கிட்டு, 1997 டிசம்பரில் அந்த நாதத்தை உலகத்தார் காதில் விழச் செய்தார்கள்.

அந்தப் பிராணிக்குப் பாராசாரோலோஃபஸ் என்று பெயர். ஏறக்குறைய ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் தழை மேய்ந்து திரிந்த டைனோசர் இனம் அது. அதன் குரல் என்று வழங்கும் ஒலியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பனிமூட்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு கப்பல் சங்கூதுவதைப் போல ஆழ்ந்து எழுந்து மெல்ல அடங்கும் அந்த ஒலி, கேட்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளத்தை ஏதோ செய்கிறது. அப்படிச் செய்வதனாலேயே அதை நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. மாண்டு கல்லாகிப் போன ஒரு ஜீவனின் குரலை மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அதில் மீட்டது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்று கேட்பது அந்த ஜீவனுக்கும் சாஸ்திரத்துக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.

முதலில் இம்முயற்சியின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சாமானியமானதன்று. கனடாவின் ஆல்பர்ட்டாப் பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1922இல் வில்லியம் பார்க்ஸ் இவ்வினத்துக்குப் பெயரிட்ட காலந்தொட்டு, தலையின் பின்புறமாக நீண்டு வளைந்த அந்த விசித்திரமான கொண்டை எதற்கு என்ற விவாதம் நடந்து வந்தது. கொண்டை உள்ளே வெறும் குழல். மூக்கிலிருந்து புறப்படும் காற்றுப் பாதை அதன் நுனிவரை ஏறி, அங்கே திரும்பி, மீண்டும் இறங்கித் தொண்டைக்கு வருகிறது. நீரில் மூழ்கியபடி மூச்சு விடுவதற்கான குழல் என்றார்கள் சிலர். நுனியில் துவாரமே இல்லை என்பது அவ்வாதத்தை முறித்தது. காற்றைச் சேமிக்கும் பை என்றார்கள் வேறு சிலர். அத்தனை பெரிய உடலுக்கு அந்தச் சிறு கொள்ளளவு எந்த மூலைக்கும் போதாது. ஒலியெழுப்புவதற்கே அது பயன்பட்டிருக்கலாம் என்று 1931இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் வீமான் கூறினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1981இல், டேவிட் வைஷாம்பல் அந்தக் கருத்தை ஒலியியல் கணக்கின் துலாக்கோலில் வைத்து நிறுத்துப் பார்த்தார். தண்ணீருக்குப் பதிக்கும் பி.வி.சி. குழாய்களை வளைத்து ஒரு கொண்டையையே செய்து ஊதியும் காட்டினார்.

நம் தர்க்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம், உவமானம் முதலிய பிரமாணங்களை வகுத்தார்கள். மலையிலே புகையைக் கண்டு நெருப்புண்டென்று துணிவது அனுமானம். கொண்டைக் குழலின் நீளத்தைக் கண்டு அதன் ஒத்ததிர்வைத் துணிவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. நீண்ட குழல் தாழ்ந்த ஸ்வரத்தையும் குறுகிய குழல் உயர்ந்த ஸ்வரத்தையும் தரும் என்ற பௌதிக விதி ஏழரைக் கோடி ஆண்டுகளில் மாறிவிடவில்லை. குட்டிகளின் சிறு கொண்டை மேலான ஸ்தாயியிலும், வளர்ந்தவற்றின் கொண்டை கீழான ஸ்தாயியிலும் ஒலித்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இவ்வனுமானத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சியும் கிடைத்தது. எவன்ஸ், ரிட்ஜ்லி, விட்மர் ஆகிய மூவரும் 2009இல் பாராசாரோலோஃபஸின் குடும்பத்து டைனோசர்களின் மண்டையோடுகளை ஸ்கேன் செய்து, மூளை அமர்ந்திருந்த குழியையும் உட்செவியின் வடிவத்தையும் அளந்து, தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதற்கு அச்செவி தகுதியுடையதாக இருந்ததென்று கண்டார்கள். அதற்கு முன்பே, 2005இல், பறவைகளின் செவியளவையும் உடலெடையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த வேறு மூவர், பெரிய டைனோசர்கள் தாழ்ந்த ஒலிகளையே நன்கு கேட்டிருக்கும் என்றும், 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அவற்றின் காதுக்கு எட்டியிராது என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். ஊதும் குழல் கூறிய செய்தியையே கேட்கும் செவியும் கூறுகிறது. இத்துறையின் சாதனைகளுள் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். ஒலிப்பதிவுகள் எல்லாம் இதற்குப் பின்னால் நிற்க வேண்டியவை.

ஆனால் குழல் மட்டும் குரலாகிவிடாது. ஒரு நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சா மரத்தில் கடைந்த உலவின் நீளமும் துவாரங்களும் சுருதியைத் தீர்மானிக்கின்றன. எனினும் நாதம் பிறக்கும் இடம் உதட்டில் பொருந்தும் அந்தச் சிறிய சீவாளி. சீவாளியைக் கழற்றிவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்துவானிடமும் அது வெறும் மரக்குழல்தான். பாராசாரோலோஃபஸ் விஷயத்தில் நமக்குக் கிடைத்திருப்பது உலவு. தொலைந்து போனது சீவாளி. குரல்வளையின் குருத்தெலும்பும், அதிலே அதிரும் சவ்வும், மூக்குத் துவாரத்தைச் சூழ்ந்திருந்த தசையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அப்பிராணிக்குக் குரல்நாண்கள் இருந்தனவா என்பதே தெரியாதபடியால், சாண்டியா ஆய்வாளர்கள் அவை இருந்ததாக வைத்து ஓர் ஒலியும், இல்லாததாக வைத்து மற்றோர் ஒலியும் கணித்தார்கள். அவர்களுடைய நேர்மைக்கு இது அத்தாட்சி. ஆயினும் காலப்போக்கில் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது ‘டைனோசரின் குரல்’ என்ற ஒருமையை.

ஓர் அனுமானம் மாறினால் ஒலி எவ்வளவு மாறும் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றுப் பாதையின் நீளம் மூன்று மீட்டர் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்கிறது. குழலின் இரு முனைகளும் திறந்திருந்தால் அதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். ஒரு முனை மூடியதுபோல் நடந்துகொண்டால் ஏறத்தாழ 28 ஹெர்ட்ஸ். முன்னது நம் காதுக்குக் கனத்த கார்வையாகக் கேட்கும். பின்னது கேட்பதற்கும் நெஞ்சில் அதிர்வதற்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கும். தொண்டையின் வாயில் திறந்திருந்ததா, ஏறக்குறைய மூடியிருந்ததா என்ற ஒரே சந்தேகம் ஒரு முழு ஸ்தாயியை மாற்றிவிடுகிறது. இதற்கு மேல், அப்பிராணி எத்தனை நொடி கூவியது, எங்கே நிறுத்தியது, ஏற்றி இறக்கியதா, ஒன்று கூவ மற்றொன்று மறுமொழி சொன்னதா என்பவையெல்லாம் உண்டு. பதிவில் நம்மை உருக்குவது அந்த ஏற்ற இறக்கமே. அதைத் தந்ததோ எலும்பு அன்று, ஒலியை அமைத்தவரின் மனம்.

இதனோடு ஒப்பிட வேறொரு முயற்சியைக் குறிப்பிட விரும்புகிறேன். சீனாவில் கிடைத்த, பதினாறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, ஆர்க்கபோய்லஸ் மியூசிகஸ் என்னும் வெட்டுக்கிளி இனப் பூச்சியின் பாட்டை 2012இல் ஆய்வாளர்கள் மீட்டார்கள். அப்பூச்சி ஒரு சிறகின் பல்வரிசையை மற்றதன் விளிம்பில் உரசி ஒலியெழுப்புவது. அந்தப் பல்வரிசை கல்லில் அப்படியே பதிந்திருந்தது. பற்களை அளந்து, இன்று வாழும் அதன் உறவினங்களோடு ஒப்பிட்டு, அது 6,400 ஹெர்ட்ஸ் அளவில் தூய ஒற்றை ஸ்வரமாகப் பாடியதென்று கூறினார்கள். இங்கே உலவும் சீவாளியும் சேர்ந்தே கிடைத்தன என்று சொல்லலாம். ஆகையால் இந்தப் பாட்டை நான் மீட்பு என்று தயக்கமின்றி அழைப்பேன். எகிப்திய அர்ச்சகர் நெஸ்யமூனின் மூவாயிரம் ஆண்டுப் பழைய பதனுடலை ஸ்கேன் செய்து, அதன் தொண்டைப் பாதையை முப்பரிமாண அச்சில் எடுத்து, 2020இல் ஒரே ஓர் உயிரொலியை மட்டும் எழுப்பிக் காட்டியவர்களும், நாக்கு வற்றிப் போயிருந்ததை எடுத்துச் சொல்லி, அந்த ஓர் ஒலியோடு நிறுத்திக்கொண்டார்கள். அவ்வடக்கம் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

கொண்டையே இல்லாத டைனோசர்களின் நிலை இன்னும் சங்கடமானது. டைரனோசாரஸ் ரெக்ஸ் என்றதும் நம் செவியில் எழும் கர்ஜனை, 1993இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்துக்காக கேரி ரைட்ஸ்ட்ராம் என்னும் ஒலிக் கலைஞர் யானைக்குட்டியின் பிளிறலையும், புலியின் உறுமலையும், முதலை இனத்து அலிகேட்டரின் ஒலியையும் குழைத்து உண்டாக்கியது. ஒலிக்காக இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அப்படத்தைக் கலையென்ற முறையில் நான் போற்றுகிறேன். ஆனால் அக்கர்ஜனை திரையோடு நிற்காமல், ஒரு தலைமுறையின் குழந்தைகளுக்கு அறிவாகவே படிந்துவிட்டது. யானையும் புலியும் பாலூட்டிகள். டைனோசருக்கு நெருங்கிய உறவு ஒருபுறம் பறவைகளும் மறுபுறம் முதலைகளுமே.

அந்த உறவைக் கொண்டு உவமானத்தால் முன்னேறியவர்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியா கிளார்க்கும் அவருடைய சகாக்களும். புறா குமுறுவதும், நாணலுக்குள் மறைந்து வாழும் குருகு முழங்குவதும், ஆண் நெருப்புக்கோழி அதிர்வதும் அலகை மூடிக்கொண்டு, தொண்டையை உப்பச் செய்து எழுப்பும் ஒலிகள். அலிகேட்டரோ நீரில் கிடந்தபடி காதுக்கெட்டாத அதிர்வை எழுப்பும்போது, அதன் முதுகின்மேல் நீர்த்துளிகள் துள்ளிக் குதிக்கின்றன. ஆகவே பெரிய டைனோசர்களுள் சிலவேனும் வாயைப் பிளந்து அலறாமல், வாயை மூடி முழங்கியிருக்கக்கூடும் என்று 2016இல் அவர்கள் எழுதினார்கள். இக்கருத்தைத் தழுவி, 2018இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஒரு நிகழ்ச்சியில், சீன அலிகேட்டரின் ஒலியையும் குருகின் முழக்கத்தையும் தாழ்த்திக் கலந்து, ரெக்ஸின் குரல் இப்படி இருந்திருக்கலாம் என்று காட்டினார்கள்.

கர்ஜனையைக் காட்டிலும் இது எவ்வளவோ நியாயமானது. ஆயினும் செய்முறையை உற்று நோக்கினால், இருக்கும் மிருகங்களின் ஒலிகளைக் குழைப்பது என்ற வகையில் இதுவும் ரைட்ஸ்ட்ராமின் வழியே. தேர்ந்தெடுத்த மிருகங்கள்தாம் மாறியிருக்கின்றன. உவமானத்தின் அடித்தளத்திலும் ஒரு விரிசல் இருக்கிறது. முதலை தன் குரல்வளையால் ஒலிக்கிறது. பறவையோ மூச்சுக்குழலின் அடியில் உள்ள கீழ்க்குரல்வளையால் பாடுகிறது. இரண்டும் வெவ்வேறு உறுப்புகள். இதுவரை கிடைத்த மிகப் பழைய கீழ்க்குரல்வளை, அண்டார்க்டிகாவின் வேகா தீவில் கண்டெடுத்த வேகாவிஸ் என்னும் பறவையினுடையது. பறவையல்லாத எந்த டைனோசரிலும் அவ்வுறுப்பு கிடைக்கவில்லை. டைனோசர்களுக்குக் குரலே இல்லாதிருந்திருக்கலாம் என்று 2008இல் ஃபில் சென்டர் வாதித்ததும் இதை எண்ணியே. மங்கோலியாவின் கவசம் பூண்ட டைனோசரான பினாக்கோசாரஸின் குரல்வளை எலும்புகள் 2023இல் விவரிக்கப்பட்டு, பறவையைப் போல் ஒலியை மாற்றியமைக்கும் திறன் அதற்கு இருந்திருக்கலாம் என்று தெரிந்தபின், அவ்வாதத்தின் வேகம் சற்றுத் தணிந்திருக்கிறது. தொண்டையும் எப்போதாவது கல்லாகும் என்ற நம்பிக்கையை அந்த எலும்புகள் தருகின்றன.

இத்தனையும் எண்ணிப் பார்த்தபின் என் மனத்தில் நிற்கும் குறை ஒன்றே. அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டை நிறுத்துகிறவர்கள், கிடைக்காத எலும்பை வேறு நிறச் சாந்தால் நிரப்பி, இது எங்கள் கை வேலை என்று தெரிய வைக்கலாம். சித்திரம் வரைகிறவர் ஐயமுள்ள இடத்தில் புள்ளிக்கோடு இடலாம். ஒலியில் புள்ளிக்கோடு இட இடமில்லை. எலும்பிலிருந்து கணித்த அதிர்வெண்ணும் ஊகித்த ஏற்ற இறக்கமும் ஒரே நாதமாகக் கலந்து செவியில் புகுந்துவிடுகின்றன. செவியோ கண்ணைப் போலப் பிரித்துப் பார்த்துச் சந்தேகிக்கும் பழக்கமற்றது. ஆய்வாளர் தம் கட்டுரையில் எழுதும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கு ஒலிபெருக்கியில் இடமே இல்லாமற் போகிறது.

இக்குறைக்குக் கோர்ட்னி பிரவுன் என்னும் அமெரிக்க இசைக்கலைஞரின் வேலையில் ஒரு நிவர்த்தி தென்படுகிறது. கோரித்தோசாரஸ் என்னும் கொண்டை டைனோசரின் மண்டையோட்டை ஸ்கேன் வழியே படியெடுத்து, அதை ஒரு வாத்தியமாகவே அவர் சமைத்தார். ஊதுகிறவரின் மூச்சுக்குத் தக்கபடி அது கனைக்கும், முனகும், குமுறும். ஒருவர் ஊதியதுபோல் மற்றவர் ஊதுவதில்லை. எலும்பு தருவது எது, தன் மூச்சு தருவது எது என்பதை ஊதுகிறவர் தம் உடலாலேயே உணர்கிறார். கலை என்று வெளிப்படையாகப் பெயர் சூடிய இம்முயற்சி, சாஸ்திரம் என்ற பெயரில் ஒலிக்கும் பல பதிவுகளைவிட மெய்க்கு அருகில் இருப்பதாக நான் துணிந்து சொல்வேன்.

ஆகவே டைனோசரின் கண்டத்தைத் திறக்க முயல்வோரை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அருங்காட்சியகம் நடத்துவோரையும் படம் எடுப்போரையும் நான் கேட்டுக்கொள்வது, ஒரே குரலைத் தராதீர்கள் என்பதே. சிறுவன் ஒருவன் அழுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தானும் இருக்கட்டும். குரல்நாண் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் இப்படி என்று இரண்டையும் அவன் கேட்டு, ஏன் வேறுபடுகின்றன என்று தன் ஆசிரியரிடம் வினவட்டும். இதற்குப் புதிய கருவியோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. பாராசாரோலோஃபஸுக்கு அவ்விரு வகை ஒலிகளும் 1997லேயே கணிக்கப்பட்டுவிட்டன.