கந்தையும் காந்தாவும்: சாயத்துணி ஒட்டுப்போர்வைகள் குறித்து ஒரு ஜவுளிக்காரனின் பார்வை

சென்ற ஆண்டு நம் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள், மேடைக்கு இடப்புறச் சுவரில் தொங்கிய மூன்று பெரிய ஒட்டுப்போர்வைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘க்வில்ட்’ என்கிறார்கள். நம் சங்கத்துப் பெண்கள் வெள்ளைத் துணிக்குத் தம் கையாலேயே சாயமேற்றி, துண்டு துண்டாக வெட்டி, சேர்த்துத் தைத்தவை. போர்த்திக்கொள்வதற்காகச் செய்தவை அல்ல, சுவரில் மாட்டிப் பார்ப்பதற்காகச் செய்தவை. ஷாதிபூரில் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியை முன்னிட்டு, இவை பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள். நாலு நல்ல வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். புகழ வேண்டியதைப் புகழத்தான் போகிறேன். ஆனால் அதே அரங்கில் நான்காவதாக ஒரு போர்வையும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவு பெறாது.

முதலில் சாயம். என் தகப்பனார் காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்பது, “இது கெட்டிச்சாயமா?” என்றுதான். இந்த ஊர் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் கெட்டிச்சாயம் இல்லாத துணி ஒரு வருஷம் தாங்காது. இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே முதலில் நல்ல பதில் சொன்னவர்களில் நம் சோழமண்டலக் கரைக்காரர்கள் உண்டு. மணற்பாங்கான கடலோரத்தில் விளையும் சாயவேர் (இம்பூறல் என்றும் சொல்வார்கள்) சிவப்பைக் கொடுக்கும். ஆனால் அந்தச் சிவப்பு பருத்தியில் தானாக ஒட்டாது. கடுக்காய்ச் சாற்றில் எருமைப்பால் கலந்து துணியை ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பிறகு படிகாரக் கரைசலை எழுதுகோலால் வேண்டிய இடத்தில் மட்டும் தீட்டுவார்கள். அதன்பின் சாயவேர்க் கொப்பரையில் போட்டால், படிகாரம் பட்ட இடம் சிவந்து நிலைத்துவிடும், பட்டிராத இடத்துச் சாயம் அலசலில் போய்விடும். இந்த முறையைக் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கிருந்த சாயத்தொழிலாளிகளிடம் கேட்டறிந்து 1742இல் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியம் கப்பலேறிவிட்டது என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. கேட்டவர் ஒழுங்காக எழுதிவைத்ததால்தான் இன்று நாமே அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறோம் என்பது என் கருத்து.

இந்தச் சாயத்துணிக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம் சாதாரணமானது அல்ல. தங்கள் நெசவாளர் பிழைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் மறுபடி 1721இலும் தடைச் சட்டம் போட்டன. கிடைப்பது அரிதானபோது துண்டுக்கும் மதிப்பு வந்தது. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒட்டுப்போர்வை ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அது தைக்கப்பட்டிருப்பது இந்தியச் சாயத்துணித் துண்டுகளால். ஆகவே, “இதெல்லாம் வெள்ளைக்காரிகள் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு?” என்று விழா அரங்கில் என் காதுபடச் சொன்ன அன்பருக்கு இது பதில். அவர்களுடைய பொழுதுபோக்குக்கு நம்முடைய பக்கத்துச் சரக்கு போயிருக்கிறது.

பின்னாளில் கதை மாறியது. 1869இல் சாயவேரின் சிவப்பும், 1897இல் அவுரியின் நீலமும் ரசாயனச் சரக்காக விற்பனைக்கு வந்தன. கொப்பரைகள் அவிந்தன. 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ‘புரோசியான்’ என்ற சாயத்தை வெளியிட்டது. இது பருத்தி நூலோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும். கொதிநீர் வேண்டாம், சலவைச் சோடாவும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தால் போதும். வீட்டுக் கொல்லையில் பெண்கள் துணிக்குச் சாயமேற்றிக் கலைப்போர்வை செய்வது எங்கும் பரவியதற்கு இந்த வாளி ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற ஊரில், 1979இல் ஒரு பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் ‘க்வில்ட் நேஷனல்’ என்று இவற்றுக்கெனவே காட்சி தொடங்கினார்கள். நம் பெண்கள் தபாலில் வரவழைத்ததும் இந்த வகைச் சாயம்தான்.

இனி மூன்று போர்வைகளுக்கு வருவோம்.

முதலாவது ‘கடல்’. அடர்நீலத்திலிருந்து பாசிப்பச்சை வரை பட்டை பட்டையாக இணைத்தது. சாயத்தில் முக்குவதற்கு முன் துணியைக் கசக்கி நூலால் முடிந்திருக்கிறார்கள். முடிச்சுக்குள் சாயம் நுழையாமல் வெள்ளை நின்று, அவிழ்த்ததும் அலை உடைகிற நுரையாகத் தெரிகிறது. நுரையை யாரும் வரையவில்லை, சாயமே வரைந்துகொண்டது. மதுரைச் சுங்குடியின் புள்ளியும் இதே உபாயம்தான். மூன்றிலும் மேலானது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். ஒரு குறை. நாலு பக்கமும் கறுப்புப் பளபளப்புத் துணியில் கரை கட்டி, கடலைப் போட்டோ சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள். பீனிக்ஸ் பே படித்துறைக்குத் தினமும் போய்வருகிறவர்களுக்குக் கடல் அப்படியா தெரிகிறது?

இரண்டாவது கோலம். உழைப்பு நிறைய, பலன் குறைவு. கோலத்துக்கு உயிர் கை எடுக்காமல் போகும் இழையில் இருக்கிறது. அதை முக்கோணமும் சதுரமுமாக வெட்டி ஒட்டினால், ஒவ்வொரு தையலிலும் இழை செத்துச் செத்துப் பிழைக்கிறது. துணியைத் துண்டாக்கிச் சேர்க்கிற கலைக்கு ஏற்ற உருவம் வேறு, மாவைச் சிந்தி இழுக்கிற கலைக்கு ஏற்ற உருவம் வேறு. இதில் இன்னொரு சங்கதி. யாரும் பார்க்காத நேரத்தில் கைக்குட்டையை நனைத்து அதன் ஊதா நிறத்தில் ஒரு தேய் தேய்த்தேன் (ஜவுளிக்காரன் புத்தி, மன்னிக்க). கைக்குட்டை ஊதாவாகிவிட்டது. சாயத்தைக் குறை சொல்லாதீர்கள். பிணையாமல் மிஞ்சிய சாயத்தை வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி, தண்ணீர் தெளியும்வரை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யப் பொறுமை இல்லை. சுவரில்தானே தொங்கப்போகிறது, யார் துவைக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். இந்த எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் நூல்முனைகள் அப்படியே தொங்கின.

மூன்றாவது, பட்டில் வெட்டிய ‘அ’ என்ற எழுத்து. சங்கத்துக்குப் பொருத்தம், பேனருக்கும் பொருத்தம். எங்கள் வீட்டில் புழுவைக் கொன்றெடுத்த பட்டு புழங்குவதில்லை. ஆகவே என் கண் அதன்மேல் சற்றுக் கடுமையாக விழுந்திருக்கலாம், அந்த அளவு கழித்துக்கொள்க.

நான்காவது போர்வை தேநீர் மேஜையில் இருந்தது. அதன்மேல் பிஸ்கட் தட்டும் ஃப்ளாஸ்கும். மேஜை விரிப்புக்கு ஏதாவது பழைய துணி கொடுங்கள் என்று இளைஞர்கள் கேட்டபோது எங்கள் வீட்டிலிருந்தே போனது. நானும் இரண்டு தரம் அந்த மேஜையில் தேநீர் குடித்தேன், கவனிக்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த வங்காளி ஆசிரியை ஒருவர் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இந்தக் காந்தா யார் செய்தது?” என்று கேட்டபோதுதான் பார்த்தேன். என் தாயார் செய்தது.

நாங்கள் வந்தவாசிப் பக்கம். 1970களில் தாயார் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலில் இங்கே வந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார். 1949 முதல் இந்தத் தீவுகளில் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். எங்களுக்கு அவர் ‘மாஷிமா’, சித்தி முறை. பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிவைத்து, பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே நெருக்கி ஓடுதையல் போட்டுக்கொண்டிருப்பார். “இது என்ன?” என்று தாயார் கேட்க, அவர் ‘காந்தா’ என்ற மாதிரி மூக்கால் ஒரு சொல் சொல்லியிருக்கிறார். தாயாருக்கு உடனே புரிந்துவிட்டது: “கந்தை!”

அவர் காதுக்குப் பட்டது சரியே. தமிழில் கந்தை, வங்காளத்தில் காந்தா, இரண்டுக்கும் மூலம் வடமொழியின் கந்தா, ஒட்டுப்போட்ட துணி. ஒரே சொல். அங்கே அது கலைக்குப் பெயராயிற்று. 1929இல் ஜசிமுத்தீன் என்ற கவிஞர் தம் புகழ்பெற்ற காவியத்துக்கே ‘நக்ஷி காந்தா’வை வைத்துப் பெயர் சூட்டினார். 1939இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவர் சேர்த்தவை அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே அதே சொல் ஏழ்மைக்குப் பெயராகி, கசக்கிக் கட்டுவதோடு நின்றுவிட்டது.

அப்படியானால் தமிழனுக்கு ஒட்டுவேலை தெரியாதா? நன்றாகத் தெரியும். தஞ்சை, கும்பகோணம் பக்கத்துத் தேர்களில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தவை உண்டு, சிக்கல்நாயக்கன்பேட்டையில் கையால் எழுதிச் சாயமேற்றியவையும் உண்டு. அந்தக் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாமிக்குத் தைத்தபோது கலை என்றோம், பிள்ளைக்குத் தைத்தபோது கந்தை என்றோம். ஆய்ந்து நோக்கின், கையில் வேறுபாடு இல்லை, பார்த்த கண்ணில்தான் வேறுபாடு.

கண் திருந்திய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல்வேலைக்குப் போட்டுக் கிழிந்த சட்டை, கால்சட்டைகளைச் சேர்த்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டப்பட்டன. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. மத்தீஸ் ஓவியம்போல இருக்கிறது என்று விமரிசகர்கள் எழுதினார்கள். ஓவியனைச் சாட்சிக்கு அழைத்தால்தான் போர்வை கலையாகுமா என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனாலும் பிஸ்கட் தட்டின் கீழ் வைத்தவனுக்கு அந்தக் கோபம் பட உரிமை குறைவு.

தாயாரின் போர்வையை இப்போது விரித்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்த ஊருக்குக் கனமான போர்வை வேண்டாம் என்பதால் உள்ளே பஞ்சு இல்லை, மூன்றடுக்குத் துணி மட்டும். நடுவில் அவருடைய சிவப்புச் சுங்குடி. சுற்றிலும் நீலக் கட்டம். அடியில் மாஷிமா வீட்டு வெள்ளை வேட்டி. ஒரு மூலையில் எங்கள் கடைப் பார்சல் வந்த காடாத்துணி, அதில் பாதி அழிந்த பேல் எண். அதை மறைக்கவில்லை, அந்த எண்ணைச் சுற்றி வளைத்து வளைத்துத் தையல் போயிருக்கிறது. சுங்குடியின் சிவப்பு கெட்டிச்சாயம் அல்ல. வருஷா வருஷம் துவைத்ததில் அது பக்கத்து வெள்ளைக்குள் கசிந்து, விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. நீலம் மட்டும் அசையவில்லை.

இந்தக் கசிவைக் குறை என்பதா, அழகு என்பதா? 1960களில் நம் சென்னைப் பக்கத்துக் கட்டத்துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கலப்பதையே பெருமையாகச் சொல்லி ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று அமெரிக்காவில் விற்றது. அது வியாபாரத் தந்திரம். என் அளவுகோல் வேறு. கோலப் போர்வையின் ஊதா, அலசாத சோம்பலால் போனது. தாயாரின் சிவப்பு, பல ஆண்டு எங்கள் குழந்தைகளைப் போர்த்தியதால் போனது. இரண்டும் சாயம் போனதுதான். துணியைத் தெரிந்தவன் விரலால் தொட்டே வேறுபாட்டைச் சொல்லிவிடுவான். சிவப்பு கசிந்த இடத்திலெல்லாம் தையல் அடர்ந்திருக்கிறது. கசியக் கசிய அவர் திரும்பவும் அங்கே தைத்திருக்கிறார் என்பதை இப்போதுதான் கண்டேன். கரைபோலத் திட்டமிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தாயார் இன்னொன்றும் தைத்திருந்தார், இதைவிடப் பெரியது. 1990களில் ஒரு மழைக்காலத்தில் மாயாபந்தருக்கு அவசரமாகச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாக்கு நனைந்து கிடந்தது. அந்தப் போர்வையைச் சுற்றிப் பேல் கட்டி அனுப்பினேன். திரும்பி வரவில்லை. தாயார் கேட்டார், “போனால் போகிறது, கந்தைதானே அம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் போர்வை தைத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே நம் பெண்களுக்கு நான் சொல்வது கடிந்துரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாயமேற்றும் துணிச்சல் அவர்களிடம் இருக்கிறது, ‘கடல்’ போன்ற ஒன்றை என் தாயாரால் நினைத்திருக்கவே முடியாது. சுவருக்குச் செய்தாலும் துவைப்பதற்குச் செய்வதுபோலச் செய்யுங்கள். முடித்ததும் ஒருமுறை முழுதாக நனைத்து, வெள்ளைத் துணிமேல் உலர்த்திப் பாருங்கள். கடைசியாக, அடுத்த விழாவில் போர்வைகளைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், கொடி கட்டி நடு அரங்கில் தொங்கவிட வேண்டும், பின்புறமும் தெரியட்டும் என்று செயற்குழுவில் கேட்டேன். சம்மதித்துவிட்டார்கள். தாயாரின் போர்வையும் அந்தக் கொடியில் தொங்கும்.

அதற்குப் பெயர் அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சிக்கல். தையலில் பாதி மாஷிமாவின் கை. எந்தப் பாதி என்று பிரிக்க முடியாதபடி இரண்டு பேரும் ஒரே திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தது. தாயார் பெயரை எழுதிவிட்டேன். பத்தாண்டுக்கு மேல் பக்கத்து வீட்டில் இருந்தும் மாஷிமாவின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் மகன் டிக்லிபூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.