திரௌபதி வேஷம் யாருக்கு?

வேலூரிலிருந்து குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றுப் படுகையை வெளியுலகம் தோலுக்காகவும் காலணிக்காகவும்தான் அறிந்திருக்கிறது. பழைய வடஆர்க்காடு மாவட்டமாக இருந்த இந்த நிலப்பரப்பு தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்றும்கூட. கோடை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்துக்கு மேல் விடியும்வரை கூத்து, கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தோடு படுகளம். இத்தனை இரவுகளுக்கும் யார் எந்த வேஷம் கட்டுவது என்று கூத்து வாத்தியார் முடிவு செய்யும் முறையில், நம் நவீன நாடகக்காரர்கள் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. அந்த முறை தன் அளவுகோலைப் பாதி வழியில் கைவிட்டுவிடுவதும் உண்மை.

முதலில் அதன் பலம். நகரத்து மேடையில் பாத்திரத்துக்கு ஆள் தேடும்போது வயது, உயரம், முகவெட்டு ஆகியவையே முன்னால் வந்து நிற்கின்றன. கூத்து வாத்தியாருக்கு இவை பொருட்டல்ல. நாற்பதைத் தாண்டியவர் பதினாறு வயது அபிமன்யுவாக வந்தாலும் ஊர் முழுதாக நம்புகிறது. முகம் அரிதாரத்துக்குள் மறைகிறது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் உடலின் அளவையே மாற்றிவிடுகின்றன. மிஞ்சுவது குரலும் காலும் மூச்சும்தான். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும் திறந்தவெளியில், கடைசி வரிசைக் கிழவிக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேரும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். சலங்கையோடு சுழன்றாடிவிட்டு உடனே வசனம் பேச மூச்சு மிச்சமிருக்க வேண்டும். கர்ணன் விடியற்காலையில்தான் சாகிறான். ஊர் கண்ணயரும் அந்த நேரத்தில் எல்லோரையும் எழுப்பி உட்கார வைக்கும் தெம்பு உள்ளவருக்கே அந்த வேஷம். மற்றவர் பாடும்போது பின்பாட்டுப் பாடிப் பாடியே ஒவ்வொரு நடிகரும் அடுத்தவர் பாத்திரத்தையும் கற்றுக்கொள்கிறார் என்பதால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் அன்றைய நாடகம் நிற்பதில்லை. உருவ ஒற்றுமையைத் தள்ளிவிட்டு, பாத்திரம் கேட்கும் உழைப்பைத் தாங்குவாரா என்று மட்டும் பார்ப்பது, என் கணிப்பில், நடிகர் தேர்வுக்கு உள்ள அளவுகோல்களில் மிக நேர்மையானது.

இந்த நேர்மை இரண்டு இடங்களில் தவறுகிறது. மூத்தவர் கட்டிப் பழகிய கட்டை வேஷம், அதாவது கிரீடமும் புஜக்கட்டையும் அணியும் வேஷம், அவர் குரல் உடைந்த பிறகும் அவரிடமே தங்கிவிடுவது ஒன்று. இளையவர்கள் காத்திருந்து காத்திருந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, பெண்ணைத் தேர்வு வட்டத்துக்கு வெளியிலேயே நிறுத்தியிருப்பது. கூந்தலை விரித்துச் சபதம் செய்யும் பாத்திரமே இந்த விழாவின் மையம். அதையும் பெரும்பாலும் ஆண்தான் கட்டுகிறார். உருவம் முக்கியமல்ல, குரலும் தாங்குதிறனுமே முக்கியம் என்றால், உச்ச சுருதி இயல்பாக அமைந்த பெண் குரலை விலக்க எந்த நியாயமும் இல்லை. வேன்களில் விடியலிலேயே கிளம்பி, காலணித் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. அவர்களுடைய உடலால் ஓர் இரவைத் தாங்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில கனமானவை. கோயில் சடங்கோடு பிணைந்த கூத்தில் பெண் வேஷம் கட்டினால் தீட்டாகும் என்பது ஒன்று. பல ஊர்களில் இதே அம்மனுக்குப் பெண்கள் தீ மிதிக்கிறார்கள். நெருப்பில் இறங்க இருக்கும் தகுதி ஆட்டக்களத்தில் எப்படி இல்லாமல் போகும்? பெண்ணுக்குக் கட்டை வேஷம் பொருந்தாது என்பது இன்னொன்று. நாடக மேடையில் வளர்ந்த கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990இல் உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி தந்தது. அவர்கள் கட்டை வேஷமும் கட்டினார்கள். ஆகவே முடியுமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. தீராதது, இரவில் ஊர் ஊராகப் போகும் பெண்ணைப் பற்றிய பேச்சு. ஸ்பெஷல் நாடக நடிகைகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பழியைச் சுமக்கிறார்கள். திருமணம் ஆனதும் மேடையை விட்டு விலகும்படி வரும் நெருக்கடியும் பொய்யல்ல. இதை வாத்தியார் ஒருவரால் மாற்றிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உண்மையில் தயங்க வைப்பது வேறொரு வாதம்: பெண் வேஷம் கட்டும் ஆண்களின் கலை அழிந்துவிடும் என்பது. நடையிலும் ஒப்பாரியிலும் அவர்கள் சேர்த்து வைத்திருப்பது சாதாரண உழைப்பல்ல. துகிலுரிதல் இரவில் அந்த நடிகரின் முன் ஊர் கற்பூரம் ஏற்றுகிறது. அவர்களை விலக்கிவிட்டுப் பெண்களை நிரப்பினால், பெண் பாத்திரத்துக்குப் பெண்தான் என்ற பழைய உருவப் பொருத்தத்துக்கே திரும்பியவர்களாவோம். கூத்தின் அளவுகோலுக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. ஆண் திரௌபதியாகட்டும், பெண் துரியோதனனாகட்டும், குரல் தாங்குகிறதா என்பதே கேள்வியாக இருக்கட்டும்.

இதைத் தொடங்க எளிய வழி உண்டு. கூத்துக்கு முன்பணம் கொடுத்து எந்தெந்த நாடகம் வேண்டும் என்று சொல்வது ஊர் விழாக் குழு. சடங்கோடு நெருங்கிய அர்ச்சுனன் தபசையும் படுகளத்தையும் இப்போதைக்கு வழக்கப்படியே விட்டுவிடலாம். அபிமன்யு சண்டை போன்ற இரவு ஒன்றுக்கு, பயிற்சி பெற்ற பெண் ஒருவரை அபிமன்யுவாகவே கேட்டுப் பெறலாம். அவருக்கும் ஆண் நடிகருக்குக் கொடுக்கும் அதே பங்கைக் கொடுக்க வேண்டும். விடிந்ததும் குழுவோடு பாதுகாப்பாக ஊர் திரும்ப வண்டியையும் விழாக் குழுவே பேசிவிட வேண்டும்.