கட்டத்துக்குள் வானம்

ஹாரியட் பவர்ஸ் தைத்த போர்வையின் பதினைந்து கட்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால், தயங்காமல் 1833 நவம்பர் 13 இரவை எடுத்துக்கொள்வேன். நட்சத்திரங்கள் மழையாய் உதிர்ந்த இரவு. லியோனிட் எரிகற்கள் என்று வானியலார் அதற்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பவர்ஸ் அந்தக் கணக்குக்கே போகவில்லை. அவர் வெட்டி ஒட்டிய நட்சத்திரங்கள் எண்ணிக்கையில் சில, அளவில் பெரியவை. அவற்றைத் தடுத்து நிறுத்தக் கடவுளின் ஒரு கை. உலகம் முடிந்தது என்று நடுங்கும் ஜனங்கள். படுத்த இடத்தை விட்டு அலறி ஓடிவந்த பிராணிகள். இத்தனையும் ஒரே ஒரு சதுரத்தில்.

என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தத் தேதிதான். பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த இரவு, அவர் பிறப்பதற்கு நான்கு வருஷம் முந்தியது. பெரியவர்கள் சொல்லக் கேட்ட இரவு அது. எத்தனையோ வருஷம் மனசில் கிடந்துவிட்டு, 1895க்கு மேல் துணியில் இறங்கியிருக்கிறது. இன்னொரு கட்டத்தில் 1780 மே 19, நியூ இங்கிலாந்தில் பட்டப்பகல் இருண்டுபோன நாள். அதுவும் கேள்விப்பட்டதுதான். ஆனால் தையலில் ஓர் இடத்திலும் ‘சொன்னார்கள்’ என்ற தயக்கம் இல்லை. கூடவே நின்று பார்த்தவரின் துணிச்சலோடு கத்தரி போயிருக்கிறது. அவருடைய முந்தைய பைபிள் போர்வையைக் கஷ்டகாலத்தில் ஐந்து டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கைவேலையில் நமக்கு மிஞ்சியிருப்பவை இரண்டே போர்வைகள். நட்சத்திரங்கள் உள்ளது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் ருசியுள்ள நண்பர்கள் பலர் எலன் ஹார்டிங் பேக்கர் பக்கம். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1876 என்று தேதியிட்ட அந்த அயோவா கம்பளிப் போர்வையை யார்தான் குறைசொல்ல முடியும்? கருந்தளம், நடுவில் சூரியன், நூலில் ஓடும் கோள்வட்டங்கள், ஒரு வால்நட்சத்திரம். அதைத் தொங்கவிட்டே அந்த அம்மையார் ஊர் ஊராக வானியல் பாடம் நடத்தினார். ஆனால் பூமியில் எந்த மாடியில் நின்றும் எவரும் வானத்தை அப்படிப் பார்த்ததில்லை. அது வானத்தின் வரைபடம். ஒருவருக்கென்று, ஓர் இரவுக்கென்று தைக்கும்போது எனக்குப் பவர்ஸின் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது.

இன்று ‘நீங்கள் பிறந்த இரவு’ என்று போர்வை விற்கிறார்களே, அவை பேக்கர் வழியைக்கூடத் தொடுவதில்லை. தேதியைக் கொடுத்தால் கணினி ஒரு வட்டம் கக்கும். அதைப் பாலியெஸ்டரில் அச்சடித்து, ஓரம் அடித்து, பெயர் போட்டுத் தந்துவிடுகிறார்கள். தயாராகக் கிடைக்கும் மாதிரிகளோ பெரும்பாலும் வடக்கத்திய வானம். நியூயார்க்கில் அகத்தியர் நட்சத்திரம் உதிப்பதே இல்லை. நமக்கோ மாசி மாத முன்னிரவில் தெற்கே பளிச்சென்று நிற்கிறார். அங்கே உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேல் பதின்மூன்று பாகைதான். அகத்தியர் இல்லாத போர்வையை எங்கள் வடசென்னை மணலி புதுநகர்க் குழந்தைக்குப் போர்த்த எனக்கு மனசு வராது.

நம் வீட்டு அலமாரியிலேயே பிறந்த நேரத்து வானம் கட்டம் போட்டு இருக்கும்போது வட்டத்துக்கு ஏன் அலைய வேண்டும்? ராசிக்கட்டத்தைத் தையல்காரர் கண்ணால் பாருங்கள். நான்குக்கு நான்கு சதுரம். நடு நான்கும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு பெரிய வெளி. சுற்றிப் பன்னிரண்டு வீடு. இதைவிட நேர்த்தியான போர்வை அமைப்பை யார் வரைந்து தரப்போகிறார்கள்? ஜோசியத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. லக்னம் என்பது அந்த நிமிஷம் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த ராசி. ஜென்ம நட்சத்திரம் சந்திரன் நின்ற இடம். திதி அதன் பிறை அளவு. துணி வெட்டுவதற்கு இவ்வளவு போதும்.

உதாரணமாக, 2023 டிசம்பர் 5, இரவு எட்டு மணிக்கு இங்கே பிறந்த ஒரு குழந்தை. லக்னம் மிதுனம், வலது மேல் மூலை. குரு மேஷத்தில், தலைக்கு மேலே. சனி கும்பத்தில், மேற்கே சாய்ந்துகொண்டு. சூரியனும் செவ்வாயும் விருச்சிகத்தில் மறைந்தாயிற்று. தேய்பிறைச் சந்திரன் சிம்மத்தில். நள்ளிரவுக்குத்தான் எழும், ஆகவே அந்த ஒட்டுத்துணியை மங்கலாக எடுக்க வேண்டும். கட்டம் தப்பாக எழுதியிருந்தால் தைக்கும்போதே தெரிந்துவிடும். புதன் சூரியனை விட்டு அடுத்த வீட்டுக்கு மேல் போகாது, சுக்கிரன் இரண்டு வீட்டுக்கு மேல் போகாது, ராகுவும் கேதுவும் எப்போதும் எதிரெதிர். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணால் காணும் வானத்தைத் தைக்கிறோம், ஆகவே திருக்கணிதம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இரவெல்லாம் விழித்து, 1867இல் ஒரு மாறொளி விண்மீனையே கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கத்தைத் தொலைநோக்கியோடு ஒத்துப்பார்த்தது இதற்காகத்தான்.

டிசம்பர் 5 என்ற தேதியைச் சும்மா எடுக்கவில்லை. மிக்ஜாம் புயல் கடந்து, கொசஸ்தலை ஆற்று வெள்ளம் தெருவில் நின்ற நாட்கள் அவை. கரண்ட் இல்லை. மேகம் விலகிய இடைவெளிகளில் கார்த்திகைக் கூட்டத்தை மாடியிலிருந்து எண்ண முடிந்தது. எங்கள் பகுதியில் அது சாதாரண விஷயமில்லை. மற்ற நாட்களில் தெற்கே ஆலைப் புகைபோக்கியின் சுடர் வானத்தின் அடிப்பகுதியையே செம்மண் நிறமாக்கிவிடும்; வடகிழக்கே அனல்மின் நிலையத்து விளக்குகள். மிஞ்சுவது திருவாதிரை, ரோகிணி, அகத்தியர் என்று தைரியசாலிகள் சிலர். நடுவில் இருக்கும் பெரிய வெளியை நான் இதற்குத்தான் ஒதுக்குவேன்: அந்த இரவு அந்த மாடியிலிருந்து தெரிந்தது மட்டும். சுடர் தெரிந்தால் சுடரும் இருக்கட்டும், ஆரஞ்சு வாயில் துணியில் ஒரு கீற்று. கணினி காட்டும் ஆயிரம் புள்ளிகளைவிடப் பாட்டி பார்த்த ஏழு நட்சத்திரம் எனக்கு உசத்தி. பவர்ஸின் கட்டத்தில் இருக்கும் உயிர் அங்கிருந்து வருவது.

தளத்துக்குச் சுங்குடி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் விரலால் கிள்ளி, நூல் சுற்றி, சாயத்தில் முக்கி எடுத்த கட்டுச் சுங்குடி. அவிழ்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன வெள்ளை வளையம், நடுவில் சாயத்தின் ஒரு துளி. விளிம்பு கொஞ்சம் கசிந்திருக்கும், துணி அந்த இடத்தில் லேசாக முகிழ்த்து நிற்கும். மங்கலான விண்மீனைக் கண் எப்படிப் பார்க்கிறதோ அப்படியே. கருநீலச் சுங்குடி கிடைத்தால் அந்தப் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, பிரகாசமான நட்சத்திரங்களுக்கு மட்டும் மேலே முடிச்சுத் தையல் போட்டால் போதும். இருட்டில் ஒளிரும் நூலை வைத்துத் தைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை தூங்க வேண்டிய போர்வையில் அது எதற்கு?

2005இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி இது. ஆனால் கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப்போடுவது மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். வரிசை பிசகாத புள்ளி, எல்லாம் ஒரே அளவு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை கடையாகக் கேட்டால் ‘கட்டினதா? யாரும்மா இப்ப கேக்குறாங்க’ என்பார்கள். கேட்காததால்தான் கட்டுகிற விரல்கள் குறைந்துபோயின. போர்வைக்கு உள்ளே வைப்பதும் கெட்டுவிட்டது. செயற்கைப் பஞ்சுத் தகடு நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்கும், இலவம்பஞ்சு நாளாக ஆகத் திரளும். பழைய வேட்டியை இரண்டு மூன்று மடிப்பு வைத்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்ட போர்வைக்கு ஈடு இல்லை.

வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் ஜாதகத்தை எடுத்துக் கட்டம் வரையுங்கள். அன்று இரவு மாடிக்குப் போனவர் யாராவது இருந்தால் என்ன தெரிந்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சுங்குடி வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் புள்ளி ஒரே மாதிரி விழுந்து, விரலுக்கு மேடு தட்டினால் கட்டியது. விலை கூடத்தான் இருக்கும். பேரம் பேசாமல் வாங்குங்கள்.