வட்டில் எரிவது எது?

வீட்டிலேயே வீடியோ வட்டுத் தயாரிக்கக் கற்பிக்கும் தொடக்கக் கையேடுகள் 2000-க்குப் பின் ஏராளமாக வந்தன. நீங்களும் ஒன்றைப் புரட்டியிருக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று படம் போட்டுக் காட்டும் இவை, வட்டில் நிகழ்வது என்ன என்பதை விளக்குவதில்லை. இதுவே பெருங்குறை.

கணிப்பொறியில் ஓடிய படம் டிவிடி பிளேயரில் ஏன் ஓடவில்லை? புதியவரின் முதற் கேள்வி இது. வேறு மென்பொருளை வாங்கு என்பது இதற்கு விடையாகாது. பழைய பிளேயருக்கு எம்பெக்-2 முறையில் சுருக்கிய படமும், அதற்கென வகுத்த கோப்பு அமைப்பும் வேண்டும். கோப்பை அப்படியே நகலெடுத்தால் கிடைப்பது தகவல் வட்டு. வீடியோ வட்டு அன்று. (4.7 ஜிகாபைட் வட்டைக் கணிப்பொறி 4.38 எனக் காட்டினால் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்த கணக்கு அது.)

‘எரித்தல்’ என்ற சொல்லும் மயக்குகிறது. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடியில், சிவப்பு லேசரின் சூட்டால் சாயப் படலம் ஆங்காங்கே மாறுகிறது. அவ்விடங்கள் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகின்றன. பிளேயர் படிப்பது இவ்வேறுபாட்டைத்தான். அச்சாயமோ வெப்பத்திலும் வெயிலிலும் கெடக்கூடியது. எரித்த வட்டு என்றும் அழியாது என்று நம்பி, திருமணப் படத்தின் மூல நாடாவை அழித்துவிட்டவர் மறு நகலுக்கு எங்கே போவார்?