சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் இணையப் பாடங்களும்

1960இல் ஆந்திரமும் சென்னை மாநிலமும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்தின் நகரி, புத்தூர், குப்பம் வட்டாரத் தமிழர்கள் ஆந்திரத்தோடு இருந்துவிட்டார்கள்; சத்தியவேடு வட்டாரத் தமிழர்கள் ஆந்திரத்துக்குப் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தாலும் படிப்பது ஆந்திரப் பாடத்திட்டத்தை. அதைத் தமிழில் விளக்கும் துணைநூல்களுக்கு வாங்குவோர் குறைவு. ஆகவே அச்சிடுவோரும் குறைவு. இங்கேதான் இலவச இணையப் பாடங்கள் உண்மையான நம்பிக்கை தருகின்றன.

மேலைநாடுகளில் இவற்றைப் பாடநூலின் விலைச் சுமைக்கு மாற்றாகப் பேசுகிறார்கள். ஆந்திர அரசுப் பள்ளிகளிலோ நூல் இலவசம். ஆதலால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆதாயம் வேறு: தாய்மொழியில் இன்னொரு விளக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. ஒளிச்சேர்க்கைக்கும் இருபடிச் சமன்பாட்டுக்கும் மாநில எல்லை கிடையாது. வகுப்பில் கேட்கத் தயங்கும் மாணவி, புரியாத இடத்தை எத்தனை முறையும் திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் சமூக அறிவியலில் இந்த வசதி சுருங்கிவிடுகிறது. மாநிலத்தின் வரலாறும் புவியியலும் வேறு. பத்தாம் வகுப்புத் தேர்வு ஆந்திர நூலிலிருந்தே வரும். எது தனக்குரிய பாடம், எது இல்லை என்று பிரித்தறியும் சுமையைப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால், படிப்பு இரவுக்குத் தள்ளிப்போகும்.

இதைவிடப் பெரிய குறை உரிமையில் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு பைஜூஸ் என்ற தனியார் நிறுவனத்தின் பாடங்கள் ஏற்றிய கையடக்கக் கணினிகளை வழங்கியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. பாடம் தனியாரின் உடைமையாக இருக்கும்வரை ஆசிரியரால் அதைத் திருத்தவோ, தமிழாக்கவோ, அச்சிட்டுக் கொடுக்கவோ முடியாது. 2013இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம், படியெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் உரிமத்தை முன்வைத்தது. அரசுகள் பின்பற்ற வேண்டிய வழி அதுதான்.

பாடநூலுக்கு மாற்று சாத்தியம் என்பதைப் பழைய சித்தூர் மாவட்டமே காட்டியிருக்கிறது. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்கள் உருவாக்கிய கற்றல் அட்டைகள் பாடநூலின் இடத்தை எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் வித்திட்டன. பிள்ளையை அறிந்த ஆசிரியரின் கையில் பாடம் இருந்ததே அதன் பலம்.

ஆகவே இணையப் பாடம் இன்று பாடநூலுக்கு மாற்றாகாது, நல்ல துணையாகும். அதற்கு ஒரு வேலை நடக்க வேண்டும். ஆந்திரத் தமிழ்வழி அறிவியல், கணித நூல்களின் ஒவ்வொரு பாடத்துக்கும் பொருந்தும் தமிழ்நாட்டுக் காணொளியைச் சித்தூர், திருப்பதி ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து, அதன் க்யூஆர் குறியீட்டை அந்தப் பக்கத்திலேயே அச்சிடச் செய்ய வேண்டும். கார்வேட்டிநகரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இதை முன்னின்று நடத்தலாம். புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. இரு மாநிலக் கல்வித்துறைகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.