மூலைக் கட்டடமும் அலங்கார மறுப்பும்: வியன்னாவின் லோஸ் இல்லம்

வியன்னா நகரின் மிஹாயெலர் சதுக்க மூலையில் நிற்கும் லோஸ் இல்லம், அலங்காரத்துக்கெதிரான கலகமாகவே பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. கோல்ட்மன் – சலாற்ஷ் என்னும் ஆடவர் உடைத் தையல் நிறுவனத்துக்காக அடோல்ஃப் லோஸ் (1870–1933) 1909–1911 காலப்பகுதியில் இதனை அமைத்தார். மேல்மாடிகளின் வெறுஞ் சாந்துச் சுவரைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. 1910இல் நகர நிருவாகம் வேலையை நிறுத்தியது. சாளரங்களில் வெண்கலப் பூத்தொட்டிகளைப் பொருத்திய பின்னரே பிணக்குத் தணிந்தது.

எதிரேயுள்ள அரண்மனையின் பழம்பெருமைக்கு இழுக்கு நேர்ந்தது என்பதே கண்டனங்களின் சாரம். ஆனால் அவ்வரண்மனை முகப்பு பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடத்தைத் தழுவியதெனினும், கட்டிமுடிக்கப்பட்டது 1893இலேயாகும். இருபதாண்டும் நிரம்பாத பழைமை அது!

எனினும் லோஸின் தரப்பையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. அலங்கார வேலை செய்பவன் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைக்கிறான், அவ்வுழைப்பு விரயமாகிறது என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. ஆயின் கட்டடத்தையே நோக்குவோம். கடை அமைந்த கீழ்ப்பகுதி முழுவதும் கிரேக்கத்தின் எவியாத் தீவிலிருந்து வந்த, பச்சை வரியோடிய சிப்பொலினோச் சலவைக்கல். வாசலில் அதே கல்லிற் கடைந்த நான்கு தூண்கள். பாரத்தைச் சுமப்பது கொங்கிறீற்றுச் சட்டகம். தூண்கள் சுமப்பது எதுவுமில்லை. அவற்றை வெட்டி, ஏற்றி, மெருகிட்ட உழைப்பு எவர் கணக்கில் வரும்? செதுக்குவேலையை விலக்கிய கலைஞர், அதன் இடத்திற் பொருளின் விலையை வைத்தார் என்பதே எமது கருத்து. வெறுமை மேலேயுள்ள குடியிருப்புகளுக்கு; செழுமை கனவான்கள் நுழையும் கடைவாசலுக்கு.

அவரது 'அலங்காரமும் குற்றமும்' என்னும் உரை பப்புவா மக்களின் பச்சைகுத்தலைப் பண்பாட்டின் கீழ்ப்படியாக வைக்கிறது. இதனைக் காலத்தின் குறையெனத் தள்ளிவிடுவோர் உளர். குடியேற்றவாதத்தை அனுபவித்த நாட்டவராகிய நாம் அவ்வாறு தள்ள முடியாது. ஏனெனில் பப்புவா மனிதனைக் கீழே நிறுத்தும் அதே ஏணியின் உச்சியில் நிற்பவன், லோஸ் வியந்த ஆங்கிலப் பாணி உடையணிந்த கனவானே. இக்கடையின் வாடிக்கையாளனும் அவனே. கொள்கையும் கட்டடமும் இவ்விடத்திற் சந்திக்கின்றன.

பின்னைய வரலாறு சுருக்கமானது. 1938இல் ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டபோது, ஒரே இரத்தம் பற்றிய நாசிச் சுலோகம் அத்தூண்களுக்கு மேலே தொங்கியது. தையற்கடை இருந்த இடம் மோட்டார்க் கார்க் காட்சிக்கூடமாயிற்று. 1944இல் குண்டுவீச்சால் சேதமுற்ற கட்டடம் 1947இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கப்பட்டது. 1987இல் வங்கியொன்று அதனை வாங்கிப் புனரமைத்தது. சிப்பொலினோத் தூண்கள் வங்கியின் வாசலாயின.